வண்டி பாஸாகிவிட்டது; அது போதுமா?



சென்ற மாதம் வட்டக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள நமது கிட்டங்கிக்குச் சரக்கெடுக்க வந்த சில்லறை வியாபாரி ஒருவர், வாசலில் நின்ற தமது பழைய 100 சி.சி. வண்டியைக் காட்டி, “அண்ணாச்சி, வண்டி பாஸாயிட்டு. இன்னும் அஞ்சு வருசத்துக்கு இதப்பத்தி நெனைக்க வேண்டாம்” என்றார். மனநிறைவோடுதான் சொன்னார். 2019-இல் நாமும் இதே வார்த்தையை இதே மனநிறைவோடு சொன்னவர்கள்தான். அதற்குப் பதினொரு நாள் கழித்து நமது கடைத் தம்பி ஒருவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று நடந்ததையும், அதன்பின் நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் நமது வணிக சகோதரர்கள் முன் வைப்பது கடமை என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

நமக்கும் இந்த வண்டிக்கும் உள்ள உறவு

ஒரு காலத்தில் கோட்டாறு கம்போளத்திலிருந்து சரக்கு வருவதென்றால் மாட்டுவண்டி. கடைக்குக் கடை கொடுப்பதென்றால் சைக்கிள். அந்த நிலையை மாற்றியவை சின்ன மோட்டார் வண்டிகள்தாம். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தவர்கள், 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற இருவர் செல்லும் மொபெட்டைக் கொண்டுவந்தார்கள். 1984-இல் இண்டு-சுசுகியும், 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவையும் வந்தன. நூறு கிலோ அளவிலேயே எடையுள்ள இந்த வண்டிகள், பெட்ரோல் செலவு தாங்கும்படியாகவும், எந்தச் சந்திலும் நுழையும்படியாகவும் இருந்ததால் கடைக்காரர்களின் கைக்கு வந்துசேர்ந்தன. பின் சீட்டில் பலகை கட்டி, சிப்பம் ஏற்றி, ரப்பர் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் அரை வண்டிச் சரக்கு போய்விடும் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-இலேயே நின்றுவிட்டது. ஆனால் அந்த வண்டியை இன்றும் நம் சாலைகளில் காண்கிறோம். நன்றாகச் செய்த வண்டி நீண்ட நாள் உழைப்பதில் குற்றமில்லை. உழைக்கிறது என்பதாலேயே அது பத்திரமானது என்று எண்ணிக்கொள்வதில்தான் குற்றம்.

சட்டம் வகுத்த முறை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 41-ஆம் பிரிவுப்படி, வாடகைக்கு ஓடாத சொந்த வண்டியின் பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 25-ஆம் எண் படிவத்தில், கெடு முடிவதற்கு முந்திய அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டு மாத அறிவிப்பில், இருபது ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2000 ரூபாய் என்று வைத்தார்கள். இதைத் தவிரப் பசுமை வரியும் உண்டு.

அரசுத் துறைகளின் பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் நம்மைப் போன்றவர்களின் சொந்த வண்டிக்கு அப்படி ஒரேயடியான வயது வரம்பு இல்லை. தகுதியாக இருந்தால் ஓடலாம். ஆக, எல்லாம் “தகுதி” என்ற அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. அந்தத் தகுதியை எப்படிப் பார்க்கிறார்கள், பார்த்தது எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதே நம் கேள்வி.

2019-இல் நடந்தது

நாம் சொல்லும் வண்டி 1994-இல் வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. செய்தவர்கள்மேல் குறை இல்லை. 2009-இலும் 2014-இலும் புதுப்பித்தோம். 2019-இல் மூன்றாம் முறை. காட்டப் போவதற்கு முந்திய நாள், வழக்கம்போல் மெக்கானிக்கிடம் விட்டோம். கழுவி, எண்ணெய் துடைத்து, பல்பு மாற்றி, ஹாரனைச் சரிசெய்து, பின் பிரேக் நட்டை நாலு சுற்று முறுக்கிக் கொடுத்தார். மறுநாள் வண்டி பாஸானது. பார்த்த அதிகாரி அன்று தம் முன்னால் நின்ற வண்டியை முறைப்படிதான் பார்த்தார். எஞ்சின் எண், சேசிஸ் எண், விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி, டயர் எல்லாம் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டச் சொல்லி பிரேக் பிடிக்கச் சொன்னார். நின்றது.

பதினோராம் நாள் பிற்பகல், மூன்று இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பமும் ஒரு டின் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு தம்பி புறப்பட்டார். புறப்படும்போது, “அண்ணாச்சி, முன் பிரேக்கு பிடிச்சா சொரசொரன்னு இழுக்கு. ஒருக்கா பாக்கணும்” என்றார். நாம் கணக்கில் இருந்தோம். தலையை நிமிர்த்தாமலே, “இப்பத்தானலே பாஸாகி வந்திருக்கு? ஒண்ணும் செய்யாது, போயிட்டு வா” என்றோம்.

அஞ்சுகிராமத்திலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், வட்டக்கோட்டைக்குப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். தம்பி முன் பிரேக்கைப் பிடித்தார். கேபிள் அறுந்து கைப்பிடி வெறுமனே மடங்கியது. பின் பிரேக்கை மிதித்தார். மிதி இறங்கியதே தவிர வண்டி நிற்கவில்லை. பிள்ளைகள்மேல் போகாமல் இடப்புறம் ஒடித்து, பனைமூட்டில் மோதி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது கடவுள் புண்ணியம், அந்தத் தம்பியின் நல்ல மனசு. நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் தம்பியின் தாயார் நம்மைப் பார்த்து, “வண்டி நல்ல வண்டிதானா அண்ணாச்சி?” என்று கேட்டார். “பாஸான வண்டிதான் அம்மா” என்று சொன்னோம். சொல்லும்போதே நாக்குக் கூசியது. அவர் கேட்டது ஒன்று, நாம் சொன்னது வேறொன்று.

பிரித்துப் பார்த்தபோது

வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நம் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னோம். முன் பிரேக் கேபிள், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் குமிழ் முனையில் அறுந்திருந்தது. அறுந்த கம்பி இழைகளில் பெரும்பாலானவை துருவேறிப் பழுப்பாக இருந்தன. இரண்டு மூன்று இழை மட்டும் பளிச்சென்றிருந்தன. அதாவது, மற்றவை என்றோ அறுந்துவிட்டன. இந்த இரண்டு மூன்றுதான் அன்றுவரை பாரம் தாங்கின. தம்பி சொன்ன “சொரசொர” அந்த இழைகள் உறைக்குள் உரசிய சத்தமே.

பின் சக்கர டிரம்மைத் திறந்தால், லைனிங் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மெக்கானிக் அப்போது ஒரு விஷயத்தை விளக்கினார். லைனிங் தேயத் தேய நட்டை முறுக்கிக்கொண்டே போகலாம். மிதி இறுக்கமாகவே இருக்கும். ஆனால் டிரம்மின் வெளியே இருக்கும் நெம்புகை ஒரு கோணத்துக்குமேல் திரும்பிவிட்டால் அழுத்தம் உள்ளே போய்ச் சேராது. காலுக்குப் பிரேக் இருப்பதுபோல் தெரியும், சக்கரத்துக்குத் தெரியாது. நம் வண்டியில் நட்டு மரையின் கடைசிவரை வந்திருந்தது. முந்திய நாள் முறுக்கிய அந்த நாலு சுற்று பிரேக்கைச் சரிசெய்யவில்லை; பிரேக் இல்லாததை மறைத்தது. பரிசோதனையை ஏமாற்ற வேண்டும் என்று நாம் நினைக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

பரிசோதனைக்குக் கண்ணுக்கெட்டாதவை

இதிலிருந்து நாம் தெரிந்துகொண்டது, பரிசோதனை என்பது பொய்யல்ல, ஆனால் அது அளவுள்ளது என்பதே. அந்த அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, பிரித்துப் பார்ப்பதில்லை. கேபிளின் குமிழ் முனையும், டிரம்முக்குள் இருக்கும் லைனிங்கும், சட்டக் குழாயின் உட்புறமும் வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாது.

இரண்டாவது, வெறும் வண்டியைப் பார்க்கிறார்கள். வண்டி நூறு கிலோ, ஆள் அறுபது கிலோ என்றால் மொத்தம் 160 கிலோ. நம் தம்பி அன்று ஏற்றிப் போனதையும் சேர்த்தால் 250 கிலோ. பரிசோதனை மைதானத்தில் இருபது கிலோமீட்டர் வேகம், சாலையில் நாற்பது. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய விசையாற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மைதானத்தில் பிரேக் தாங்கியதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் சாலையில் தாங்க வேண்டும். மைதானத்தில் நின்றது, சாலையிலும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகுமா?

மூன்றாவது, பரிசோதனைக்காக வண்டியை ஒருநாள் மட்டும் சீர்படுத்துகிறோம். புகைச் சான்றிதழில் இது நன்றாகவே தெரியும். 2000 மார்ச் 31-க்கு முன் செய்த இரு சக்கர வண்டி, ஐடிலிங்கில் நிற்கும்போது வெளிவிடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 9000 பி.பி.எம். அளவையும் தாண்டக் கூடாது. அதற்குப் பிந்திய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு 3.5 சதவீதம், 6000 பி.பி.எம். கார்புரேட்டர் திருகை ஓரளவு திருப்பினால் அந்த நேரத்துக்கு எண் இறங்கும். இழுவை போதவில்லை என்று மறுநாள் திருகைப் பழையபடி திருப்பி வைப்பவர்கள் இல்லையா? சான்று ஆறு மாதம் செல்லும்; திருகு ஒரு நாள்தான் அந்த நிலையில் இருந்தது. மேலும், புகைச் சான்று புகையைப் பற்றி மட்டுமே பேசும். அது இருப்பதால் வண்டி நல்ல வண்டி என்று சொல்லிக்கொள்வது, கடை லைசென்ஸ் இருப்பதால் சரக்கு நல்ல சரக்கு என்பதைப் போன்றது.

நான்காவது, ஐந்து ஆண்டு இடைவெளி. கேபிளும் லைனிங்கும் ஐந்து ஆண்டு காத்திருக்கும் பொருள்களல்ல.

கடற்காற்று செய்கிற வேலை

நம் பகுதிக்கென்று தனியாக ஒரு சங்கதி உண்டு. மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில், 1741 குளச்சல் போரில் சரணடைந்து பின்பு திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்த டச்சு அதிகாரி டிலனாய் மேற்பார்வையில் கருங்கல்லால் கட்டப்பட்டது வட்டக்கோட்டை. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக உப்புக் காற்றைத் தாங்கி நிற்கிறது. கல் தாங்கும், இரும்பு தாங்காது.

காற்றில் வரும் உப்புத் துகள் இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. உள்ளூர்க்காரன் ஒருவனுக்கு இது புதிய செய்தியல்ல. ஜன்னல் கம்பியையும் ஷட்டரையும் பார்த்தாலே தெரியும். ஆனால் வண்டியின் கேபிள் உறைக்குள்ளும், ஸ்போக்ஸ் முனையிலும், பெட்ரோல் டாங்கின் அடியிலும், பின் சக்கரத்தைப் பிடிக்கும் கையின் அடிப்பாகத்திலும் அதே வேலை நடக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். மேலே பெயிண்ட் அடித்து உள்ளே அரித்துப்போன சட்டம், பார்ப்பதற்குப் புதுச் சட்டம்போலவே இருக்கும். உள்நாட்டில் ஐந்து ஆண்டு தாங்கும் கேபிள் கடற்கரையில் அவ்வளவு நாள் தாங்கும் என்று எண்ணக் கூடாது. சான்று ஊருக்கு ஊர் மாறாது; துரு மாறும்.

இன்னொன்று காற்றின் வேகம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. எடை குறைந்த வண்டியைப் பக்கவாட்டில் அது தள்ளும். முன் போர்க்கின் தலைப் பேரிங்கிலோ சக்கரப் பேரிங்கிலோ ஆட்டம் இருந்தால் அப்போதுதான் தெரியும். காற்றில்லாத மைதானத்தில் தெரியாது.

மூன்று பட்டறை, மூன்று பட்டியல்

விபத்துக்குப் பிறகு நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. பார்ப்பவர் மாறினால் முடிவும் மாறுமா? நம்மிடம் 2003-இல் வாங்கிய இன்னொரு வண்டி உண்டு. அதை ஒரே வாரத்தில் மூன்று பட்டறைகளுக்கு அனுப்பி, “ஒன்றும் செய்ய வேண்டாம், குறைகளை மட்டும் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டோம். முதல் பட்டறை நான்கு குறை எழுதியது. இரண்டாவது ஏழு எழுதியது. மூன்றாவது, “செயின் மட்டும் தளர்வு, மற்றபடி அருமையான வண்டி” என்று சொல்லி அனுப்பியது. மூன்று பேரும் ஒத்துச் சொன்னது செயின் ஒன்றைத்தான். பின் டயரின் பக்கவாட்டில் இருந்த வெடிப்பை இரண்டாம் பட்டறைக்காரர் மட்டுமே கண்டார். அதுதான் உயிருக்கு ஆபத்தானது.

மூவரும் திறமைசாலிகளே. ஆனால் அவரவர் கண்ணுக்குப் பழகியதை அவரவர் பார்த்தார்கள். எழுதி வைத்த ஒரு பட்டியலை வரிசையாகப் பார்க்காதவரை, எந்தப் பரிசோதனையும் பார்ப்பவரின் நினைவையும் அன்றைய மனநிலையையும் பொறுத்தே அமையும்.

வெளிநாடுகளில் எப்படி?

பிரிட்டனில் 1960-இல் வாகனப் பரிசோதனை கட்டாயமானது. முதலில் பத்தாண்டு ஆன வண்டிகளுக்கு என்று தொடங்கி, பின் மூன்றாண்டு ஆன வண்டிகளுக்கே என்று கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. ஆண்டுதோறும் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட நாட்டிலேயே, சான்றுக்கு என்ன பொருள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். பிரிக்காமல் பார்த்த அளவில், பார்த்த நேரத்தில், குறைந்தபட்சத் தகுதி இருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஓராண்டு முழுவதும் வண்டி நன்றாக இருக்கும் என்று அது சொல்லவில்லை. பாஸான வண்டிக்குக்கூட, “இது தேய்ந்து வருகிறது, கவனிக்கவும்” என்று தனியே குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். நம்மிடம் இல்லாத அந்தக் குறிப்புதான் உண்மையில் பயனுள்ளது.

ஜப்பானில் 250 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்குக் காலமுறைப் பரிசோதனையே கிடையாது. ஆனால் வண்டியைப் பார்த்துப் பராமரிக்கும் கடமையைச் சட்டம் உரிமையாளர்மேல் சுமத்தியிருக்கிறது. நார்வே நாட்டில் வாகனப் பரிசோதனை பற்றி 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதனையால் வண்டிகளின் குறைகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் விபத்து விகிதம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று கூறியது. இதனால் பரிசோதனை வீண் என்று ஆகாது. பரிசோதனையோடு நம் கடமை முடிவதில்லை என்றே ஆகிறது.

நமது நாட்டில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள் என்று மத்திய அரசின் கணக்குச் சொல்கிறது. எல்லாமே வண்டிக் குறையால் நேர்ந்தவை அல்ல. ஆனால், ஒருவர் தவறுகிற நொடியில் அவரைக் காப்பாற்ற வேண்டியது பிரேக்தான்.

தராசு நமக்குச் சொல்லித் தந்த பாடம்

இதைப் புரிந்துகொள்ள நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. கடை மேஜைமேல் பார்த்தால் போதும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்கிறார்கள். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. முத்திரை விழுந்துவிட்டது என்பதற்காக நம்மில் யாராவது காலையில் தராசில் பூஜ்யம் பார்க்காமல் வியாபாரம் தொடங்குகிறோமா? எடை குறைந்தது என்று வாடிக்கையாளர் வந்து நின்றால், “முத்திரை வைத்த தராசு, ஒன்றும் செய்யாது” என்று சொல்லி அனுப்புகிறோமா? கற்களை எடுத்துவைத்து அவர் எதிரிலேயே நிறுத்துக் காட்டுகிறோம்.

பத்துக் கிராம் துவரம் பருப்புக்குக் காட்டுகிற அக்கறையை, கடைத் தம்பி “பிரேக் இழுக்கு” என்று சொன்னபோது நாம் காட்டவில்லை. இதுதான் நமக்கு இன்றும் உறுத்துவது.

பொறுப்பு யாருடையது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் பிடிப்பதில்லை; ஓட்டச் செய்பவரையும், ஓட்ட விடுபவரையும் பிடிக்கிறது. குறை தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1500 ரூபாய்வரை. அக்குறையால் விபத்து நேர்ந்து ஒருவருக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம்வரை சிறை அல்லது 5000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. “நேற்றுத்தான் பாஸானது” என்ற பதில் அங்கே நம்மைக் காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். கட்டாயமாக எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, நம் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாருக்கானது. அதோடு சேர்ந்து வரும் விபத்துக் காப்பு, உரிமையாளரே ஓட்டினால் அவருக்கானது. சம்பளத்துக்கு ஓட்டும் கடைத் தம்பி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். சம்பள ஓட்டுநருக்கான காப்பைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவும், நான்கு மாதச் சம்பளமும் நம் கையிலிருந்தே போயின. போனது நியாயந்தான், தம்பி இழந்ததோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. ஒரு கேபிளின் விலை மூன்று நான்கு சிப்பம் அரிசியில் நிற்கும் லாபத்துக்குள் அடங்கும் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறோம்.

நாம் இப்போது செய்வது

நம் கிட்டங்கியில் வண்டிக்கென்று ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். முறை இதுதான்:

தினமும் காலையில் மூன்று நிமிடம். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். பின்பு பின் பிரேக்கை மட்டும் மிதித்துத் தள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். விளக்கு, பிரேக் லைட், ஹாரன் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகம்வரை கழுவி உப்பைப் போக்க வேண்டும். டயர் காற்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காமல் மீட்டரால் பார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை கேபிள்களின் இரு முனையையும் கழற்றி இழை பார்த்து எண்ணெய் விட வேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்ற வேண்டும். ஸ்போக்ஸ்களை ஒரு ஸ்பானரால் தட்டிப் பார்த்தால் தளர்ந்தது சத்தத்தில் தெரியும். சக்கரத்தையும் ஹாண்டில்பாரையும் அசைத்து ஆட்டம் பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு டிரம்மையும் திறந்து லைனிங் பார்க்க வேண்டும். சட்டத்தின் அடிப்பகுதியை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். டயர் பள்ளம் இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பள்ளம் இருந்தாலும் வயதைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. கடைசியாக, வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, ஆளில்லாத இடத்தில் மெதுவாகத் தொடங்கிப் பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். பிரேக் நட்டை முறுக்கிய ஒவ்வொரு முறையும் நோட்டில் தேதி போட வேண்டும். அடிக்கடி முறுக்க வேண்டி வந்தால் லைனிங் முடிந்தது என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வைத்திருக்கிறோம். ஓட்டுகிறவர் “வேண்டாம்” என்றால் வண்டி வெளியே போகாது. காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தனித்தனியே செய்வதைச் சேர்ந்து செய்தால் செலவும் குறையும், ஒழுங்கும் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு விடுமுறை நாளில், உறுப்பினர்களின் கடை வண்டிகளை ஓரிடத்தில் கொண்டுவந்து, எழுதி வைத்த ஒரே பட்டியலின்படி, ஒருவருக்கொருவர் காட்டாமல் இரண்டு மெக்கானிக்குகளைக் கொண்டு பார்க்கச் செய்யலாம். இருவரில் ஒருவர் குறை சொன்னாலும் அதைக் குறையாகவே கொள்ள வேண்டும். பாஸ், பெயில் என்று சொல்ல வேண்டாம். “உடனே மாற்று”, “இந்த மாதத்துக்குள் மாற்று”, “கவனித்து வா” என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுத்தால் போதும். அரசாங்கப் பரிசோதனைக்கு இது மாற்று அல்ல. இரண்டு பரிசோதனைக்கு நடுவிலுள்ள ஐந்து ஆண்டுக்கு நாம் போட்டுக்கொள்ளும் வேலி.

1994-ஆம் ஆண்டு வண்டியைப் பற்றிக் கேட்பீர்கள். விபத்துக்குப் பின் அது சாலைக்கு வரவில்லை. 2024-இல் கெடு முடிந்தபோது புதுப்பிக்காமல், முறைப்படி பதிவை ரத்துசெய்து உடைக்கக் கொடுத்துவிட்டோம். இருபத்தைந்து ஆண்டு உழைத்த வண்டி. மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது.

அந்தத் தம்பி இப்போதும் நம்மோடுதான் இருக்கிறார். நடையில் சிறிது சாய்வு உண்டு. வண்டி நோட்டு அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. போன ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, அவசரமாகச் சரக்கு கேட்டு மூன்று கடைகளிலிருந்து போன் வந்தது. தம்பி வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இன்னைக்கு இது வேண்டாம்” என்றார். நாம் கணக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்ப் பார்த்தோம். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் ஆட்டோ பிடித்துச் சரக்கை அனுப்பினோம். மாலையில் மெக்கானிக் வந்து கேபிளைக் கழற்றினார். உறைக்குள் இரண்டு இழை அறுந்திருந்தன.

அந்த வண்டி 2023-இல் பாஸான வண்டி. 2028 வரை சான்று இருக்கிறது.

வணிகப் பெருமக்களே, இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கடை வாசலில் நிற்கும் வண்டியின் முன் பிரேக்கைப் பிடித்து ஒருமுறை தள்ளிப் பாருங்கள். பிறகு, அதை ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, “வண்டி எப்படித் தம்பி இருக்கு?” என்று கேளுங்கள். அவர் சொல்லுவதைத் தலை நிமிர்ந்து கேளுங்கள்.